ஆப்பிள்ல பாகு ஒட்டாத கதை

ஆயுத பூசை லீவுக்கு என் தங்கச்சி குடும்பத்தோட சென்னையிலிருந்து தோட்டத்துக்கு வந்திருந்தா. அவ மகளுக்கு பத்து வயசு. வந்த ரெண்டாவது நாள் காலையில போனைக் கொண்டுவந்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டினா.

"மாமா, இது செய்யலாமா? மால்ல ஒண்ணு 300 ரூபா. அம்மா வாங்கியே தர மாட்டேங்கிறாங்க."

பார்த்தேன். ஒரு ஆப்பிள். அதுல ஒரு குச்சி. அதைக் கொதிக்கிற பாகுல முக்கி எடுக்கிறாங்க. பாகு ஆறினதும் உருக்கின சாக்லேட்ல இன்னொரு முக்கு. மேல நொறுக்கின கடலையைத் தூவி நிறுத்தி வைக்கிறாங்க. கேரமல் ஆப்பிளாம்.

வழக்கமா இந்த மாதிரி நேரத்துல கிராமத்துக்காரன் என்ன பண்ணுவான்னு உங்களுக்குத் தெரியும். "இதெல்லாம் எதுக்கு கண்ணு, நம்ம கடலை மிட்டாய்ல இல்லாத சத்தா"ன்னு ஒரு பிரசங்கம் வைப்பான். நானும் வாயைத் திறந்தேன். அதுக்குள்ள திண்ணையில உட்கார்ந்து வெங்காயம் உரிச்சுட்டிருந்த அம்மா எட்டிப் பார்த்துட்டு, "பாகுதானே? வா அம்மிணி, அம்முச்சி காச்சித் தர்றேன்"னு எந்திரிச்சுட்டாங்க. என் பிரசங்கம் அதோட முடிஞ்சது.

முடிஞ்சதும் நல்லதுக்குத்தான். அந்த மூணு நாள்ல நான் கத்துக்கிட்டதைத்தான் இங்கே எழுதறேன். பலகாரக் குறிப்பு மாதிரி ஆரம்பிச்சாலும் நான் சொல்ல வர்றது வேற. வீட்டுல ஒரு தடவையாவது செஞ்சு பார்த்தவனுக்குத்தான் கடையில வாங்கத் தெரியும்.

முதல்ல இந்தப் பண்டம் எங்கிருந்து வந்ததுன்னு பார்த்தேன். அமெரிக்காவுல ஆப்பிள் அறுவடை ஆகறது செப்டம்பர், அக்டோபர்ல. அக்டோபர் கடைசியில ஹாலோவீன் பண்டிகை. அந்தச் சமயத்துப் பண்டம் இது. சிவப்புச் சர்க்கரைப் பாகுல முக்கின ஆப்பிளை 1908ல நியூவார்க் நகரத்து மிட்டாய்க்காரர் ஒருத்தர் கடையில வெச்சாருன்னும், கேரமல் முக்கற பழக்கம் 1950களில் வந்ததுன்னும் சொல்றாங்க. ஹாலோவீனுக்கு விக்காம மிஞ்சின கேரமல் மிட்டாயை உருக்கி ஆப்பிளை முக்கிப் பார்த்தாராம் ஒரு கம்பெனி ஊழியர். ஆக, தோட்டத்துல பழம் குவியற நேரத்துல பிள்ளைகளுக்குச் செஞ்சு கொடுக்கிற அறுவடைப் பண்டம். தை மாசம் புது அரிசியும் புது வெல்லமும் வந்ததும் நாம பொங்கல் வைக்கிறோமே, அந்த ஜாதிதான். அது தெரிஞ்சதுக்கப்புறம் எனக்கு அதுமேல இருந்த கோபம் பாதி குறைஞ்சு போச்சு.

பொள்ளாச்சி சந்தைக்குப் போய் ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிட்டு வந்தேன். சின்னதா, கெட்டியா, கொஞ்சம் புளிப்பா இருக்கணும்னு வீடியோவுல சொன்னாங்க. பாகும் சாக்லேட்டும் இனிப்பு, பழமும் இனிப்புன்னா திகட்டிப் போகும். பச்சை ஆப்பிள் நல்லா இருக்கும், ஆனா விலை தலை சுத்துது. அதனால சிவப்புலயே சின்னதா பொறுக்கினேன்.

அம்மா பாகு காச்சினாங்க. வீடியோவுல வெண்ணெய், கிரீம், வெள்ளைச் சர்க்கரை. எங்க வீட்டுல கிரீம் ஏது? பாலை ஊத்தலாம்னா வெல்லத்தோட சேர்ந்து கொதிச்சா திரிஞ்சு போகும். "தேங்காப்பால் ஊத்துனா ஆச்சு. தோப்புல இருந்துக்கிட்டு எதுக்குடா யோசிக்கிற"ன்னாங்க அம்மா. 300 கிராம் வெல்லத்தை முங்கற அளவு தண்ணியில கரைச்சு, மண்ணு போக வடிகட்டி, 300 மில்லி கெட்டித் தேங்காப்பால், ஒரு கரண்டி நெய், ஒரு சிட்டிகை உப்பு. அடிகனமான சட்டியில இளந்தீயில அரை மணி நேரத்துக்கு மேல கிண்டினாங்க.

"118 டிகிரி வரணும் அம்முச்சி"ன்னா பொண்ணு.

அம்மா ஒரு கிண்ணத்துல தண்ணி எடுத்து ஒரு சொட்டுப் பாகை விட்டாங்க. விரலால கூட்டினாங்க. கரைஞ்சு போச்சு. அஞ்சு நிமிசம் கழிச்சு மறுபடி. இப்ப ஒண்ணா சேர்ந்தது, ஆனா எடுத்தா தொளதொளன்னு வழிஞ்சது. இன்னும் கொஞ்ச நேரம். இப்ப உருட்டினா உருண்டையா நின்னது, அழுத்தினா அமுங்குச்சு. "இதான் உன்ற 118. இதுக்கு மேல போனா கடலை மிட்டாய்ப் பதம், பல்லு போயிரும்"னு சட்டியை இறக்கிட்டாங்க. இங்கிலீஷ்காரங்க அந்தப் பதத்துக்கு 'ஃபர்ம் பால்'னு பேர் வெச்சிருக்காங்க. கெட்டி உருண்டைன்னு அர்த்தம். அதைத்தான் அம்மா உருட்டுப் பதம்னு சொல்றாங்க.

சரின்னு ஆப்பிளை முக்கி எடுத்தோம். அழகா மூடுச்சு. தட்டுல வெச்சோம். நாங்க பார்த்துக்கிட்டே இருக்க, இடுப்புல நிக்காத வேட்டி மாதிரி பாகு மொத்தமும் சறுக்கிக் கீழே இறங்கிடுச்சு. தட்டுல பாகுக் குட்டை, நடுவுல மொட்டை ஆப்பிள். பொண்ணுக்குக் கண்ணுல தண்ணி. அம்மாவுக்குச் சிரிப்பு அடங்கலை.

காரணம் மெழுகு. ஆப்பிள் மேல இயற்கையாவே ஒரு மெல்லிய மெழுகு உண்டு. பறிச்ச பழத்தைக் கழுவும்போது அது போயிடும். ஈரம் வத்தாம இருக்கணும், பளபளன்னு இருக்கணும்னு மறுபடி மெழுகு பூசறாங்க. கார்னாபா பனை இலையிலிருந்து எடுக்கிற மெழுகு, இல்லைன்னா அரக்கு. ரெண்டும் சாப்பிடறதுக்கு அனுமதிச்ச பொருள்தான். கத்தியால சுரண்டிக் காட்டி 'விசம் விசம்'னு வாட்சப்புல சுத்துதே, அதை நம்ப வேண்டாம். ஆனா அது மேல பாகு ஒட்டாது. கொதிக்கிற தண்ணியில பழத்தை அஞ்சாறு செகண்டு முக்கி எடுத்து, துண்டால அழுத்தித் துடைச்சு, நல்லா உலர விடணும். பிரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோட முக்கினாலும் வேர்த்துக்கிட்டுப் பாகு வழுக்கும். பாகும் கொதிக்கக் கொதிக்க இருக்கக் கூடாது. கரண்டியில எடுத்து ஊத்தினா பட்டையா விழற அளவுக்கு ஆறணும்.

ரெண்டாவது தடவை நின்னுச்சு.

அப்ப எனக்கு ஒண்ணு தோணுச்சு. இந்தப் பளபளப்பு யாருக்காக? மெழுகு பூசறவன் ஆசைப்பட்டா பூசறான்? மங்கலா இருக்கிற பழத்தை நாம ஒதுக்கி வெச்சுட்டுப் பளபளப்பா இருக்கிறதைத் தேடி எடுக்கறோம். அதனால பூசறான்.

வெல்லத்துலயும் இதே கதை. நீங்க கடைக்குப் போனா எந்த வெல்லத்தை எடுப்பீங்க? மஞ்சளா, வெளுத்து, தங்கம் மாதிரி இருக்கிறதைத்தானே? கரும்புச் சாறு காய்ச்சி எடுத்தா இயற்கையா வர்ற நிறம் பழுப்பு. சில மண்ணுல, சில கரும்புல கறுப்பாவே வரும். முன்னெல்லாம் கொப்பரையில அழுக்கை எடுக்க வெண்டைச் செடித் தண்டை நசுக்கி அந்தக் கோழையை ஊத்துவாங்க. கொஞ்சம் சுண்ணாம்பு போடுவாங்க. இப்ப வெளுப்பு வேணும்னு 'ஹைட்ரோஸ்' போடறாங்க. சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்னு பேரு, துணிக்குச் சாயம் போடற இடத்துல புழங்கற சரக்கு. சில இடத்துல வெள்ளைச் சர்க்கரையையே கலந்து காய்ச்சறாங்க. உணவுப் பாதுகாப்பு அதிகாரிங்க ஆலையில மூட்டை மூட்டையா சர்க்கரை பிடிச்ச செய்தி அடிக்கடி பேப்பர்ல வருது.

எங்க பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருத்தர் எதுவும் போடாம ஒரு பருவம் காய்ச்சினார். வியாபாரி வந்து அச்சைக் கையில எடுத்துப் பார்த்துட்டு, "நிறம் இல்லைங்க"ன்னு விலையைக் குறைச்சான். வாயில போட்டுக்கூடப் பார்க்கலை. அடுத்த பருவம் அவர் கரும்பை மில்லுக்கு அனுப்பிட்டார். வியாபாரியை மட்டும் திட்டிப் பிரயோசனம் இல்லை. அவனுக்கு மேல கடைக்காரன் இருக்கான், அவனுக்கு மேல நீங்க இருக்கீங்க.

இப்ப சாக்லேட்டுக்கு வர்றேன். எனக்கு உறைச்சது இங்கதான்.

எங்க தோப்புல தென்னைக்கு நடுவுல கோகோ போட்டிருக்கேன். ஆனைமலை, பொள்ளாச்சிப் பக்கம் இது சகஜம். தென்னை நிழல் கோகோவுக்கு நல்லது, கோகோ இலை உதிர்ந்து தென்னைக்கு மூடாக்கு. காயை மரத்துல சேதம் வராம அறுத்து, கட்டையால தட்டி உடைச்சு, வெள்ளைச் சதையோட இருக்கிற கொட்டையைப் பெட்டியில கொட்டி மூடி ஆறு நாள் புளிக்க வைக்கணும். நடுவுல ரெண்டு தடவை கிளறி விடணும். அப்புறம் ஒரு வாரம் வெயில்ல காய வைக்கணும். மூணு கிலோ ஈரக் கொட்டை, காய்ஞ்சா ஒரு கிலோ. அணிலும் எலியும் தின்னது போக மிச்சம்தான் நமக்கு. மூட்டை கட்டுவோம், வியாபாரி வண்டியில ஏத்திட்டுப் போவான். முடிஞ்சது.

"மாமா, நம்ம மரத்துலயே சாக்லேட் இருக்கே, எதுக்குக் கடையில வாங்கணும்?"னு பொண்ணு கேட்டா.

எனக்குப் பதில் வரலை. 12 வருசமா கோகோ வளர்க்கறேன். என் கொட்டையில செஞ்ச சாக்லேட்டை நான் ஒரு தடவைகூடத் தின்னதில்லை.

சரி, பார்த்துடலாம்னு ஒரு கிலோ கொட்டையை எடுத்தோம். அம்மா கடலை வறுக்கிற மாதிரி வாணல்ல இளந்தீயில வறுத்தாங்க. வீடு முழுக்க வாசம். ஆறினதும் கையால நொறுக்கி, முறத்துல போட்டுப் புடைச்சாங்க. தோல் பறந்து போச்சு, பருப்பு நின்னுச்சு. அதை அரைக்கிறது எதுலன்னு கேக்கறீங்களா? இட்லி மாவு அரைக்கிற கிரைண்டர்லதான். வெளிநாட்டுல சின்ன அளவுல நல்ல சாக்லேட் செய்யறவங்களே நம்ம கோயமுத்தூர் வெட் கிரைண்டரைத்தான் கொஞ்சம் மாத்திப் பயன்படுத்தறாங்க. ஒரு நாள் ரெண்டு நாள்னு விடாம ஓடணும் அதுக்கு. எங்க வீட்டு மோட்டார் சூடாகும்னு விட்டு விட்டு அரைச்சோம். ஒரு சொட்டுத் தண்ணி படக் கூடாது, பட்டா கட்டி தட்டிப் போகும். முதல்ல பொடி, அப்புறம் களி, அப்புறம் அதுல இருக்கிற கொழுப்பே வெளிய வந்து தோசை மாவு மாதிரி ஓட ஆரம்பிச்சது. அரைக் கிலோ பருப்புக்கு 300 கிராம் சர்க்கரை. இதுக்கு வெல்லம் ஆகாது, அதுல ஈரம் இருக்கு.

விரல்ல தொட்டு நாக்குல வெச்சேன். கொஞ்சம் நறநறப்பு இருந்துச்சு. முதல்ல கசப்பு, அப்புறம் ஒரு புளிப்பு, அப்புறம் வறுத்த வாசம் நெஞ்சு வரைக்கும். தங்கச்சி தேடி எடுத்த, கடையில வாங்கின சாக்லேட் கட்டி ஒண்ணு இருந்தது. அதையும் வாயில போட்டேன். இனிப்பு வந்துச்சு. அப்புறம் மேலண்ணத்துல மெழுகு மாதிரி ஒண்ணு ஒட்டிக்கிட்டு நின்னுச்சு.

உறையைத் திருப்பிப் பார்த்தோம். முதல்ல சர்க்கரை. ரெண்டாவது தாவரக் கொழுப்பு. கோகோ எங்கேயோ கீழே. சேர்மானத்தை அதிகம் இருக்கிறதுல ஆரம்பிச்சு வரிசையா எழுதணும்கிறது சட்டம். அதனால அந்த வரிசையே எல்லாத்தையும் சொல்லிடும். கோகோ வெண்ணெய் நம்ம உடம்புச் சூட்டுல உருகற கொழுப்பு. அதனாலதான் நல்ல சாக்லேட் வாயில கரையுது. அது விலை அதிகம், வெயிலுக்கு நிக்காது. அதை எடுத்துட்டு வேற கொழுப்பைப் போட்டா 'காம்பவுண்ட்'. விலை குறைவு, வேலை சுலபம். அதை விக்கிறது தப்பில்லை, உறையில எழுதித்தான் விக்கறாங்க. படிக்காதது நாம.

2024ல கோகோ விலை உலகச் சந்தையில டன் 10,000 டாலரைத் தாண்டுச்சு. அதுக்கு முன்னால பல வருசமா 2,000, 3,000ன்னு கிடந்த சரக்கு. உலகத்துக் கோகோவுல பாதிக்கு மேல ஐவரி கோஸ்ட், கானா ரெண்டு நாட்டுலயே விளையுது. அங்க மழையும் நோயும் சேர்ந்து விளைச்சல் படுத்துடுச்சு. எங்க ஊர்லயும் காய்ஞ்ச கொட்டை விலை பல மடங்கு ஏறுச்சு. ஆனா கட்டுப்படியாகலைன்னு மரத்தை வெட்டினவங்களுக்கு அதுல என்ன லாபம்? அப்புறம் விலை மறுபடி இறங்கிடுச்சு. விலை ஏறினப்ப, கோகோவைக் குறைச்சு வேற கொழுப்பைக் கூட்டறது சாக்லேட் செய்யறவங்களுக்குச் சுலபமான வழி. தின்னவங்க நாக்குக்கு வித்தியாசம் தெரியலைன்னா, அந்தக் கோகோ திரும்ப உள்ள வர்றதுக்கு என்ன அவசியம்?

எனக்கு இதுதான் பயம். ருசி தெரியாத நாக்குக்கு விவசாயி தேவையில்லை. பளபளப்பு போதும்னா மெழுகு போதும். நிறம் போதும்னா ஹைட்ரோஸ் போதும். இனிப்பு போதும்னா சர்க்கரையும் பாமாயிலும் போதும். நல்லதை விளைவிக்கிறவனுக்கு அங்க இடமே இல்லை.

'விவசாயியைக் காப்போம்'னு நீங்க படம் போடறதை நான் குறை சொல்லலை. ஆனா ஒரு தடவை பாகு காச்சிப் பாருங்க. உங்க பிள்ளையை ஒரு தடவை வறுத்த கோகோவைக் கடிச்சுப் பார்க்க விடுங்க. அதுக்கப்புறம் கடையில அவங்க கேக்கற கேள்வியே வேற மாதிரி இருக்கும். எங்க பொண்ணு ஊருக்குக் கிளம்பும்போது பஸ் ஸ்டாண்டு கடையில சாக்லேட்டைத் திருப்பிப் பின்பக்கம் படிச்சா. கடைக்காரர் முழிச்சார். எனக்கு அது போதும்.

ரெண்டு மறுப்பு வரும்னு தெரியும். ஒண்ணு, நேரம் எங்கே? தினமும் செய்யச் சொல்லலைங்க. வருசத்துக்கு ஒரு தடவை. இவ்வளவு வேலை இருக்கிறதே இதுக்கு ஒரு அளவுக்கோல். அரை மணி நேரம் கை வலிக்கக் கிண்டினவன் தினமும் கேக்க மாட்டான்.

ரெண்டாவது, இவ்வளவு இனிப்பு நல்லதா? நல்லதில்லைதான். வெல்லம்னா மருந்துன்னு நினைச்சுக்காதீங்க. சர்க்கரை நோய்க்காரருக்கு வெல்லமும் சர்க்கரைதான். நாலு பேர் ஒரு ஆப்பிளை வெட்டிப் பங்கு போட்டுத் தின்னுங்க. நாங்களும் அப்படித்தான் தின்னோம்.

செய்யறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. 2014 கடைசியில அமெரிக்காவுல கடையில வாங்கின கேரமல் ஆப்பிளால லிஸ்டீரியாங்கிற கிருமி பரவி 12 மாநிலத்துல 35 பேருக்கு நோய் வந்தது. 34 பேர் ஆஸ்பத்திரியில. ஏழு பேர் இறந்தாங்க, அதுல குறைஞ்சது மூணு பேர் சாவுக்கு இந்த நோய் ஒரு காரணம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துல ஆராய்ஞ்சு பார்த்தாங்க. குச்சி குத்தின ஓட்டை வழியா பழச்சாறு கசிஞ்சு பாகுக்கும் தோலுக்கும் நடுவுல தேங்குது. வெளிய வெச்சா அதுல கிருமி பெருகுது. குச்சி இல்லாததுல, பிரிட்ஜில வெச்சதுல அவ்வளவு இல்லை. அதனால பழத்தை நல்லாக் கழுவுங்க, குச்சியைக் கொதிக்க வெச்சுக் காய விடுங்க, செஞ்ச அன்னிக்கே தின்னுங்க. மிஞ்சினா பிரிட்ஜில வெச்சு ரெண்டு மூணு நாளுக்குள்ள முடிங்க. கர்ப்பிணிகளும் வயசானவங்களும் கூடுதல் கவனமா இருக்கணும். குச்சிக்கு நான் வேப்பங்குச்சி ஒடிக்கப் போனேன், "கசந்து தொலையும்டா"ன்னு அம்மா தடுத்துட்டாங்க. மூங்கில் சீவிக் கொடுத்தேன்.

கடைசியா ஒரு ஒப்புதல். எங்க சாக்லேட் முக்கறதுக்குக் கெட்டியா இருந்தது. கோகோ வெண்ணெய் தனியா எங்கிட்ட இல்லை. ரெண்டு ஸ்பூன் செக்குத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தளர்த்தினேன். ஆக, நானும் தாவரக் கொழுப்பு கலந்தவன்தான். என்ன கலந்தேன், ஏன் கலந்தேன்னு தின்ன அத்தனை பேருக்கும் தெரியும், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆறு ஆப்பிள் செஞ்சோம். ரெண்டு சாஞ்சு போச்சு, ஒண்ணுல பாகு ஒரு பக்கமா வழிஞ்சு யானைக்கால் மாதிரி இருந்தது. அந்த யானைக்காலைத்தான் அம்மா கேட்டு வாங்கித் தின்னாங்க. பாகு அதிகமாம்.

அடுத்த லீவுக்குப் பொண்ணு வர்றப்ப ஒரு கூடைக் கொட்டை தனியா எடுத்து வெக்கச் சொல்லியிருக்கா. வியாபாரிக்கு அந்தக் கூடை கிடையாதுன்னு சொல்லிட்டேன்.

உங்க வீட்டுல கடைசியா பாகு காச்சினது எப்போ?